மூளை மருத்துவ மேதை ஹார்வி குஷிங்

காஞ்சியில் கோர்வைத் தறிக்கு இருவர் வேண்டும். என் சித்தப்பா நெய்ய, பக்கத்தில் அமர்ந்து கரை நாடாவைத் தள்ளிக் கொடுப்பவன் நான். ஒருநாள் நான் கூப்பிட்டது அவர் காதில் விழவில்லை. செவி நரம்பின் உறையில் கட்டி என்றார்கள் மருத்துவர்கள். அறுவைக்கு நாள் குறித்து, அதுவரை ஸ்டீராய்டு மாத்திரை தந்தார்கள். தலைவலி பறந்தது. கட்டி கரைந்துவிட்டது, இனி கத்தி எதற்கு என்று சித்தப்பா அடம்பிடித்தார். அந்நாள்களில்தான் நம் கல்லூரி நூலகத்தில் ஹார்வி குஷிங் என்னும் பெருமகனாரின் வாழ்க்கையை அறிந்தேன்.

1869 ஏப்ரல் 8இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், மருத்துவர் குடும்பத்தில் பத்தாவது பிள்ளையாகப் பிறந்தார் குஷிங். யேல், ஹார்வர்டு பல்கலைக்கழகங்களில் பயின்றார். மூளையில் கத்தி வைத்தால் பிழைப்பதே அரிதாக இருந்த காலம் அது. குஷிங் பொறுமையை ஆயுதமாகக் கொண்டார். குருதிக் குழாய்களை அடைக்க 1911இல் வெள்ளிக் கவ்விகளை அறிமுகப்படுத்தினார். செவி நரம்புக் கட்டிகளைப் பற்றி 1917இல் தனி நூலே எழுதினார். கட்டியின் மேலுறையை விட்டுவிட்டு உள்ளிருப்பதை மட்டும் அகற்றிப் பல உயிர்களைக் காத்தார். 1926இல் மகன் விபத்தில் மாண்ட செய்தி வந்த காலையிலும், காத்திருந்த நோயாளிக்கு அறுவை செய்து முடித்தார். கடமை அவருக்கு அத்தகையது!

முகம் நிலவுபோல் உப்பி, உடல் பருத்து, எலும்பு மெலியும் ஒரு நோய்க்குப் பிட்யூட்டரிச் சுரப்பியின் சிறு கட்டியே காரணம் என்று 1932இல் விளக்கினார். அக்கட்டி தூண்ட, அட்ரீனல் சுரப்பி மிகுதியாகச் சுரப்பதே இக்கோலத்துக்கு மூலம் எனப் பின்னர் தெளிவாயிற்று. 1939 அக்டோபர் 7இல் குஷிங் மறைந்தார். அதன் பிறகே கார்ட்டிசோன் மருந்தாக வந்தது. அந்த ஆய்வுக்கு 1950இல் நோபல் பரிசும் கிடைத்தது.

அந்த இனத்து மருந்தை நெடுநாள் உண்டால் குஷிங் கண்ட அதே கோலம் வரும். நரம்புக் கட்டியைச் சுற்றியுள்ள வீக்கத்தை அது தணிக்குமே தவிர, கட்டியைக் கரைக்காது. மருத்துவரைக் கேளாமல் சட்டென்று நிறுத்தினாலோ உயிருக்கே ஆபத்து. சித்தப்பாவின் முகம் அப்போதே உப்பத் தொடங்கியிருந்தது. இவற்றையெல்லாம் சொன்னேன். இரண்டு நாள் பேசாதிருந்தவர், மூன்றாம் நாள் வேலூருக்குப் புறப்பட்டார்.

குஷிங்கிடம் பயிற்சி பெற்றவர் பென்ஃபீல்டு. அவரிடம் கற்ற ஜேக்கப் சாண்டி, 1949இல் வேலூரில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். எங்கோ ஏற்றிய விளக்கின் ஒளி, நம் பக்கத்து ஊர்வரை வந்திருக்கிறது!

சித்தப்பா மீண்டும் தறியில் அமர்ந்துவிட்டார். அந்தக் காது மட்டும் கேட்பதில்லை. இப்போது நான் கூப்பிடுவதில்லை, தோளைத் தொடுகிறேன்.