மறுக்கப்பட்ட வைர வாளும் மேஜர் லாரன்சும்

திருவெள்ளறையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் நாம், கொள்ளிடப் பாலத்தின்மேல் மலைக்கோட்டையைக் கண்டதும் மகிழ்கிறோம். அக்கோட்டைக்காக நடந்த போரையும், அதன் பயனாய்ப் பரிசளிக்கப்பட்ட வாளையும் நம்மில் சிலரே அறிவோம்.

இங்கிலாந்தின் ஹெரிபோர்டு நகரில் பிறந்தவர் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ். ஏறத்தாழ ஐம்பது வயதில், 1748ல், கிழக்கிந்தியக் கம்பெனியின் படைத்தலைவராய் இந்தியா வந்தார். வந்த ஆண்டே அரியாங்குப்பத்தில் பிரெஞ்சுக்காரரிடம் சிறைப்பட்டு, பின்னர் விடுதலையானார். 1749ல் கொள்ளிட முகத்துவாரத்திலுள்ள தேவிக்கோட்டையைப் பிடித்தபோது, எழுத்தர் வேலையிலிருந்து படைக்கு வந்த ராபர்ட் கிளைவ் என்னும் இளைஞரை முன்னணியில் அனுப்பிப் போர்க்கலை பழக்கினார்.

1751ல் ஆர்க்காட்டு முற்றுகையில் கிளைவ் புகழ் பெற்றார். ஆயினும் 1752ல் லாரன்ஸ் தாயகத்திலிருந்து திரும்பி வந்ததும் அவருக்குக் கீழ்ப்பட்டே பணியாற்றினார். அவ்வாண்டு ஏப்ரலில், நம் அண்டையூராகிய சமயபுரத்தில் நடந்த இரவுத் தாக்குதலில் வாள்காயம் பட்டு உயிர் தப்பினார். ஜூனில் திருவரங்கத்திலிருந்த பிரெஞ்சுப் படை சரணடைந்தது.

கிளைவ் 1753ல் இங்கிலாந்து சென்றார். கம்பெனியார் அவருக்கு 500 பவுன் மதிப்பில் வைரம் பதித்த கைப்பிடியுடைய வாள் ஒன்றை அளிக்க முடிவு செய்தனர். அவரோ, தம் தலைவராகிய லாரன்சுக்கும் அத்தகைய சிறப்புச் செய்தாலன்றித் தாம் பெறுவதற்கில்லை என மறுத்துவிட்டார். அதன்பின் லாரன்சுக்கும் வாள் வழங்கப்பட்டது.

லாரன்ஸ் அதற்கு முற்றிலும் தகுதியானவரே. 1753 ஜூன் 26ஆம் நாள், எதிரியின் கைக்குப் போன பொன்மலையைச் சிறு படையுடன் மீட்டவர் அவர். 1754 வரை திருச்சியைக் காத்து நின்றார். 1758-59ல் லாலியின் முற்றுகையிலிருந்து சென்னைக் கோட்டையையும் காத்தார். 1766ல் ஓய்வு பெற்று நாடு திரும்பிய தம் ஆசானுக்கு, கிளைவ் ஆண்டுதோறும் 500 பவுன் கிடைக்க வழி செய்தார். லாரன்ஸ் 1775ல் காலமானார். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் கம்பெனியார் எழுப்பிய அவரது நினைவுச் சின்னத்தில் நம் திருச்சிக் கோட்டையும் செதுக்கப்பட்டுள்ளது.

ஆனால் வேறு சிலரையும் நாம் மறத்தலாகாது. முற்றுகைக் காலத்தில் லாரன்சின் படைக்கு உணவு வண்டிகள் வந்துசேரத் துணைநின்ற யூசுப் கான், பின்னாளில் கம்பெனியை எதிர்த்து, 1764ல் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். பஞ்சம் தாங்காமல் திருச்சி மக்களுள் பெரும்பாலோர் ஊரைவிட்டே வெளியேறினர். பசியோடு போன அவர்களுக்கு வாளுமில்லை, சின்னமுமில்லை.

தனக்கு வந்த மாலையை முதலில் தன் ஆசானுக்குச் சூட்டச் சொன்ன கிளைவின் நன்றியுணர்வைப் போற்றுவோம். அந்த மாலைக்காக வாடியவர்களையும் சேர்த்தே நினைவில் கொள்வோமாக.