காற்றைக் கட்டிப்போட்ட கால்நடை மருத்துவர்

குட்டீஸ்! பழைய சைக்கிள் டயரைக் குச்சியால் தட்டித் தட்டி ஓட்டி விளையாடியிருக்கிறீர்களா? எங்கள் வைத்திக்குப்பத்தில், கடலை ஒட்டிய தெருக்களில் பிள்ளைகள் அப்படி ஓட்டுவதை நான் பலமுறை ரசித்திருக்கிறேன். அந்த டயருக்குள் காற்றை அடைத்து, உலகத்தையே குலுங்காமல் ஓட வைத்தவரின் கதையை இன்று பார்ப்போமா?

அவர் பெயர் ஜான் பாய்ட் டன்லப். பெரிய இன்ஜினியர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் ஆடு, மாடு, குதிரைகளுக்கு வைத்தியம் பார்த்த கால்நடை மருத்துவர்!

ஸ்காட்லாந்து நாட்டில் ட்ரெகார்ன் என்ற ஊரில், 1840ம் ஆண்டு பிப்ரவரி 5ம் தேதி, விவசாயக் குடும்பத்தில் டன்லப் பிறந்தார். எடின்பரோ நகரில் கால்நடை மருத்துவம் படித்தார். 1867ம் ஆண்டு அயர்லாந்துக்குச் சென்று, முதலில் டவுன்பேட்ரிக் என்ற ஊரிலும், பிறகு பெல்ஃபாஸ்ட் நகரிலும் வைத்தியம் பார்த்தார். நல்ல கைராசிக்காரர். அவருடைய மருத்துவமனை அந்த நாட்டின் பெரிய கால்நடை மருத்துவமனைகளில் ஒன்றாக வளர்ந்தது.

டன்லப்பின் மகன் ஜானியிடம் ஒரு மூன்று சக்கர சைக்கிள் இருந்தது. அந்தக் காலத்துச் சக்கரங்களில் காற்று கிடையாது. இரும்புப் பட்டையோ, கெட்டியான ரப்பரோதான் சுற்றியிருக்கும். தெருவிலோ கருங்கல் பாவியிருந்தார்கள். நம் ஊர் மரச்சக்கர மாட்டு வண்டியில் கல் ரோட்டில் போனால் எப்படி இருக்கும்? பல் எல்லாம் தடதடக்கும் அல்லவா? ஜானியும் அப்படித்தான் குலுங்கிக் குலுங்கி ஓட்டினான். வண்டி இப்படி ஆடுகிறதே என்று அப்பாவிடம் குறைப்பட்டுக் கொண்டான்.

டன்லப் யோசித்தார். ஊரிலுள்ள தெருவை எல்லாம் மாற்ற முடியாது. ஆட்டம் எங்கே பிறக்கிறது? சக்கரம் கல்லைத் தொடும் இடத்தில்தான். கெட்டியான சக்கரம் ஒரு சிறு கல்லில் ஏறினாலும், வண்டி முழுவதும் தூக்கிப் போடுகிறது. கல் பட்ட இடம் மட்டும் அமுங்கிக் கொடுத்து, உடனே நிமிர்ந்து கொண்டால்? அதற்கு ஏற்ற பொருள் காற்றுதான் என்று முடிவு செய்தார்.

1887ம் ஆண்டு, 96 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு வட்டமான மரப்பலகையை எடுத்துக் கொண்டார். மெல்லிய ரப்பரில் குழாய் செய்து அதன் விளிம்பில் சுற்றினார். மேலே துணி வைத்துப் பொதிந்தார். கால்பந்துக்குக் காற்றடிக்கும் பம்ப்பால் காற்றை நிரப்பினார்.

அடுத்து அவர் செய்ததுதான் முக்கியம். ஜானியின் சைக்கிளிலிருந்து பழைய சக்கரத்தைக் கழற்றினார். ஒரே முற்றத்தில் இரண்டு சக்கரங்களையும் உருட்டி விட்டார். பழைய சக்கரம் சிறிது தூரம் ஓடி விழுந்து விட்டது. காற்றுச் சக்கரமோ முற்றத்தைக் கடந்து, வாசல் தூணில் மோதித் திரும்பித் துள்ளியது! தரை ஒன்றுதான், மாறியது சக்கரம் மட்டுமே. குற்றம் எதில் என்று சந்தேகமின்றித் தெரிந்து விட்டது.

உடனே சைக்கிளின் பின் சக்கரங்கள் இரண்டுக்கும் காற்று டயர் போட்டார். 1888ம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு நிலா வெளிச்ச இரவு. விடியும்வரை காத்திருக்க ஜானிக்குப் பொறுமை இல்லை. அப்போதே சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பி விட்டான். அன்று சந்திர கிரகணம்! நிலா மறைந்து இருட்டியதும் வீடு திரும்பினான். கிரகணம் விட்டதும் மறுபடி ஓட்டப் போனான். காலையில் அப்பாவும் மகனும் டயரைத் தடவிப் பார்த்தார்கள். ஒரு கீறல் கூட இல்லை.

அதே ஆண்டு டன்லப் காப்புரிமை பெற்றார். 1889ம் ஆண்டு மே 18ம் தேதி பெல்ஃபாஸ்டில் சைக்கிள் பந்தயம். வில்லி ஹியூம் என்ற வீரர் காற்று டயர் சைக்கிளோடு வந்தார். தடித்த டயரைப் பார்த்துக் கூட்டம் சிரித்தது. பந்தயங்கள் முடிந்ததும் சிரிப்பு நின்றது. கலந்து கொண்ட அத்தனையிலும் ஹியூமுக்கே வெற்றி! அதைப் பார்த்த ஹார்வி டு க்ராஸ் என்பவர், டன்லப்போடு சேர்ந்து டயர் நிறுவனம் தொடங்கினார்.

இனி எல்லாம் சுகம்தான் என்று நினைக்கும்போது இடி விழுந்தது. டன்லப்பின் காப்புரிமை செல்லாது என்று 1890ம் ஆண்டு தெரியவந்தது. ஏன் தெரியுமா? ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர் 1845ம் ஆண்டே, தனது 23வது வயதில், காற்றுச் சக்கரத்துக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். குதிரை வண்டியில் மாட்டி லண்டன் பூங்காவில் ஓட்டியும் காட்டினார். ஆனால், அன்று அதை வாங்குவோர் அதிகம் இல்லை. சைக்கிள் மோகமும் வரவில்லை. உலகம் அதை மறந்தே போனது. டன்லப்புக்கும் தெரிந்திருக்கவில்லை.

டன்லப்பின் பெயர் டயரில் நிலைத்தது. பெரும் பணம் அவரைச் சேரவில்லை. சில ஆண்டுகளில் நிறுவனத்தை விட்டு விலகினார். 1921ம் ஆண்டு அக்டோபர் 23ம் தேதி டப்ளின் நகரில், 81வது வயதில் காலமானார்.

அவர் தொடங்கி வைத்தது நிற்கவில்லை. பிரான்ஸ் நாட்டில் மிஷெலின் சகோதரர்கள் 1891ம் ஆண்டு எளிதில் கழற்றி மாட்டும் டயரைச் செய்தார்கள். 1895ம் ஆண்டு பாரிஸ் - போர்தோ - பாரிஸ் கார் பந்தயத்தில் காற்று டயர் போட்ட காரை ஓட்டினார்கள். வழியெல்லாம் பஞ்சர்! ஆனாலும், காரும் காற்றில் ஓடும் என்று காட்டி விட்டார்கள். நம் சென்னை அம்பத்தூரில் கூட 1959ம் ஆண்டு டன்லப் பெயரில் தொழிற்சாலை தொடங்கியது. இப்போது அது இயங்கவில்லை.

கார்கள் வேகமெடுத்ததும் ஒரு புதிய ஆட்டம் பிறந்தது. பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை நினைத்துக் கொள்ளுங்கள். சாலை வழுவழு. ஆனால், 80 கிலோமீட்டர் வேகம் வந்ததும் ஸ்டியரிங் நடுங்குகிறது! அந்த வேகத்தில் சக்கரம் ஒரு வினாடிக்குச் சுமார் 12 முறை சுற்றும். சக்கரத்தின் ஒரு பக்கம் 20 கிராம் கனம் கூடினால் போதும். ஒவ்வொரு சுற்றிலும் கிட்டத்தட்ட 2 கிலோ எடை இழுப்பது போல் அது சக்கரத்தை இழுக்கும்.

மெக்கானிக் என்ன செய்வார்? முதலில் காற்று சரியா, நட்டுகள் இறுக்கமா என்று பார்ப்பார். நெடுநாள் நின்ற காரில் டயர் ஓரிடத்தில் தட்டையாகி இருக்கலாம். கம்பிச் சக்கரமானால், சைக்கிள் கடையில் கோட்டம் எடுப்பது போலக் கம்பிகளைச் சரி பார்ப்பார். பிறகு முன் சக்கரங்களைப் பின்னுக்கு மாற்றுவார். நடுக்கம் ஸ்டியரிங்கை விட்டு சீட்டுக்குப் போனால், குற்றம் சக்கரத்தில்! போகாவிட்டால், ஸ்டியரிங் இணைப்புகளில் தேடுவார். கனம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், எதிர்ப்பக்கம் ரிம்மில் சிறு எடைத்துண்டு வைத்துச் சமன் செய்வார். அன்று டன்லப் முற்றத்தில் செய்ததும் இதே வழிதானே? ஒன்றை மட்டும் மாற்றி, ஒப்பிட்டுப் பார்ப்பது!

நீங்களும் செய்து பாருங்கள். பெரியவர் ஒருவரை உதவிக்கு வைத்துக் கொண்டு, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துங்கள். முன் சக்கரத்தை மெதுவாகச் சுற்றி விடுங்கள். கம்பிகளுக்குள் விரலை விடக்கூடாது! நின்றதும் அடியில் உள்ள இடத்தில் சாக்பீஸால் குறியிடுங்கள். ஐந்து முறை சுற்றியும் அதே இடம் அடியில் வந்து நின்றால், அதுதான் கனமான பக்கம்.

ஒரு சிறுவனின் குறையை அலட்சியம் செய்யாமல், காரணத்தைத் தேடினார் டன்லப். தனக்கு முன்பே ஒருவர் கண்டுபிடித்திருந்தாலும், அவர் உழைப்பு வீணாகவில்லை. உங்கள் சைக்கிள் குலுங்காமல் ஓடும்போது தாம்சனையும் டன்லப்பையும் சேர்த்தே நினைத்துக் கொள்ளுங்கள், குட்டீஸ்!