“இறந்த” ராஜகுமாரர் தொடுத்த வழக்கு

தான் உயிரோடு இருப்பதை நிரூபிக்க 16 ஆண்டுகள் கோர்ட்டில் போராடினார், ஒரு மனிதர். அவர்தான் பவால் ஜமீனின் இரண்டாவது ராஜகுமாரர், ரமேந்திர நாராயண ராய்.

இன்று வங்காளதேசத்தில் உள்ள டாக்கா நகருக்குப் பக்கத்தில் இருந்தது அந்த ஜமீன். சுமார் 5 லட்சம் மக்கள் வாழ்ந்த பெரிய சீமை அது. 1884-ம் ஆண்டு பிறந்த ரமேந்திரருக்குப் படிப்பு ஏறவில்லை. வேட்டையில்தான் ஆசை. 1902-ல் விபாவதி தேவியை மணந்தார்.

டார்ஜிலிங் பயணம்

1909-ம் ஆண்டு ஏப்ரலில் உடல்நலம் தேற, மனைவி, மைத்துனர், குடும்ப டாக்டர் ஆகியோருடன் டார்ஜிலிங் போனார். மே மாதம் அவர் அங்கே இறந்துவிட்டார் என்றும், உடல் எரிக்கப்பட்டது என்றும் ஊருக்குச் செய்தி வந்தது. அப்போது அவருக்கு 25 வயதுகூட நிரம்பவில்லை.

அடுத்த சில ஆண்டுகளில் அண்ணனும் தம்பியும் இறந்தார்கள். ஜமீன் அரசு நிர்வாகத்தின் கைக்குப் போனது.

சாமியார் வந்தார்

12 ஆண்டுகள் ஓடின. டாக்கா ஆற்றங்கரையில், உடம்பெல்லாம் சாம்பல் பூசிய ஒரு சாமியார் வந்து உட்கார்ந்தார். பார்த்தவர்கள் ராஜகுமாரரின் சாடை தெரிவதாகப் பேசிக்கொண்டார்கள். 1921 மே மாதம், தாமே ராஜகுமாரர் என்று அவர் அறிவித்தார்.

சுடுகாட்டில் பெருமழை கொட்டியதால், உடலைக் கொண்டுபோனவர்கள் ஒதுங்கிவிட்டார்கள். நாகா சாமியார்கள் தம்மைக் காப்பாற்றினார்கள். பல ஆண்டுகள் நினைவு தப்பியிருந்தது. இதுவே அவர் தரப்புக் கதை.

அக்காள் ஜோதிர்மயி தேவி அவரை ஏற்றுக்கொண்டார். மனைவி ஏற்கவில்லை. அவர் ஒரு போலி என்று அரசு அறிவித்தது.

நிபுணர்கள் மோதல்

1930-ல் டாக்கா கோர்ட்டில் அவர் சிவில் வழக்கு தொடுத்தார். 1,500 சாட்சிகளுக்கு மேல் விசாரிக்கப்பட்டார்கள்.

பழைய போட்டோவில் இருப்பவரும் சாமியாரும் ஒருவரே என்றார்கள், ஒரு தரப்பு நிபுணர்கள். வேறு வேறு ஆட்கள் என்றார்கள், மறு தரப்பு நிபுணர்கள். டார்ஜிலிங்கில் வந்த நோய் பித்தப்பை வலியா, விஷம் கொடுத்ததன் விளைவா என்பதிலும் டாக்டர்கள் மோதிக்கொண்டார்கள்.

சாதாரண சாட்சி, தான் கண்டதையும் கேட்டதையும்தான் சொல்லலாம். நிபுணர் மட்டும் தன் கருத்தைச் சொல்ல 1872-ம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 45-வது பிரிவு இடம் கொடுத்தது. அதற்கு அவர் காரணமும் காட்டலாம். ஆனால் அந்தக் கருத்து நீதிபதியைக் கட்டுப்படுத்தாது. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 39-வது பிரிவும் அதையே சொல்கிறது. ஊரில் உள்ள நிலத்துக்குப் பாகப்பிரிவினை வழக்கு நடந்தாலும், மும்பை கோர்ட்டில் வீட்டுப் பத்திரத்தின் கையெழுத்துப் பற்றித் தகராறு வந்தாலும் இதுதான் முறை. நிபுணர் துணைக்கு வருபவர். தீர்ப்புச் சொல்பவர் அல்ல.

தீர்ப்பு

நீதிபதி பன்னாலால் போஸ் அப்படித்தான் செய்தார். நிபுணர்கள் சொன்னதை மட்டும் நம்பிவிடவில்லை. சொரசொரப்பான பாதத் தோல், இடது கணுக்கால் தழும்பு, உடைந்த பல் என்று உடல் அடையாளங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தார். இத்தனையும் தற்செயலாக வேறொரு மனிதரிடம் ஒன்றுசேர முடியாது என்று முடிவு செய்தார். சாமியாரே ராஜகுமாரர் என்று 1936 ஆகஸ்டு 24-ந் தேதி தீர்ப்பளித்தார்.

எதிர்த் தரப்பு விடவில்லை. 1940-ல் கல்கத்தா ஐகோர்ட்டில் 3 நீதிபதிகளில் 2 பேர் ராஜகுமாரர் பக்கம் நின்றார்கள். 1946 ஜூலை 30-ந் தேதி லண்டன் பிரிவி கவுன்சிலும் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது.

வெற்றிச் செய்தி வந்த சில நாட்களிலேயே, ஆகஸ்டு 3-ந் தேதி, ராஜகுமாரர் காலமானார். இந்த மரணத்தைப் பற்றி யாருக்கும் சந்தேகம் எழவில்லை.