பல்லியம் வளர்த்த மன்னர்

நுழையும்முன்

போர்க்களத்தில் வென்ற மன்னர்களை வரலாறு எளிதில் நினைவிற்கொள்கிறது. ஆட்சியுரிமையை இழந்த பின்னரும் மக்கள் மனத்தில் நிலைத்த மன்னர்கள் மிகச் சிலரே. தஞ்சையை ஆண்ட மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜி அச்சிலருள் ஒருவர். சரசுவதி மகால் நூலகத்தை வளர்த்தவராக அவரை நாம் அறிவோம். பல கருவிகளை ஒருங்கே இசைக்கும் கலைஞர் குழுவை அரண்மனையில் அமைத்துப் பேணியவராக அவரை இப்பாடம் காட்டுகிறது. ஓர் இசைக்குழு எவற்றால் வாழ்கிறது, எதனால் கலைகிறது என்பதையும் அவர் வாழ்வின் வழியே அறியலாம்.

பல்லியம் என்னும் மரபு

பல இசைக்கருவிகள் ஒருங்கே ஒலிப்பதைப் பழந்தமிழர் பல்லியம் என்றனர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, மாதவியின் ஆடலுக்குத் துணைநின்ற கலைஞர்களை ஒவ்வொருவராக அறிமுகப்படுத்துகிறது. இசையாசிரியன், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகியோருக்கு இருக்கவேண்டிய தகுதிகளை அது வரையறுத்துக் கூறுகிறது. தனித்தனியே தேர்ந்த கலைஞர்கள், பிறர் இசைக்கும் அளவறிந்து தாமும் இசைக்க வேண்டும் என்னும் கருத்து அக்காலத்திலேயே வேரூன்றியிருந்தது.

தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் இம்மரபின் மற்றொரு பக்கத்தைக் காட்டுகின்றன. முதலாம் இராசராசன் அக்கோயிலில் 400 ஆடல் மகளிரை அமர்த்தி, அவர்கள் ஒவ்வொருவருக்கும் வீடும் ஆண்டுக்கு நூறு கலம் நெல்லும் வழங்க ஏற்பாடு செய்தான். திருப்பதிகம் பாட 48 பேரும், அவர்களுக்குத் துணையாக உடுக்கையும் கொட்டிமத்தளமும் வாசிக்க இருவரும் இருந்தனர். பணியிலிருப்பவர் மறைந்தால் அவ்விடத்தை யார் நிரப்புவது என்பதும் கல்லில் பொறிக்கப்பட்டது. கலைஞரின் திறமையோடு அவரது உணவையும் உறைவிடத்தையும் சேர்த்தே எண்ணிய அந்த ஊரில், எட்டு நூற்றாண்டுகளுக்குப் பின் சரபோஜி வாழ்ந்தார்.

இளமையும் கல்வியும்

சரபோஜி 1777ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள் பிறந்தார். தஞ்சை மன்னர் இரண்டாம் துளஜாவுக்கு ஆண்வாரிசு இல்லை. எனவே அவர் 1787இல் போன்சலே மரபைச் சேர்ந்த இச்சிறுவரைத் தத்தெடுத்தார். சிறிது காலத்திலேயே துளஜா மறைந்தார். அவருடைய தம்பி அமர்சிங் அரியணையைக் கைப்பற்றினார். இளவரசர் காவலில் வைக்கப்பட்டார். கல்வி கற்கும் வாய்ப்பும் அவருக்கு மறுக்கப்பட்டது.

அந்நாளில் தஞ்சையில் வாழ்ந்த செருமானியப் பாதிரியார் சுவார்ட்சு இளவரசர்மீது பேரன்பு கொண்டவர். அவர் கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் முறையிட்டதன் பயனாக, 1793இல் சரபோஜி பாதுகாப்புக் கருதிச் சென்னைக்கு அனுப்பப்பட்டார். அங்கே கெரிக்கே என்னும் பாதிரியாரிடம் கல்வி தொடர்ந்தது. மராத்தி, தமிழ், தெலுங்கு, வடமொழி ஆகியவற்றோடு ஆங்கிலத்திலும் அவர் புலமை பெற்றார்.

அந்நாளையச் சென்னை இசை வரலாற்றிலும் குறிப்பிடத்தக்க நகரம். செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் கம்பெனியின் இசைக்குழு முழங்கியது. நகரின் தென்புறத்திலிருந்த பரங்கிமலை பீரங்கிப் படையின் பாளையமாக விளங்கியது. படைவீரர் அணிவகுப்பிலும் ஆங்கிலேயர் இல்ல விருந்துகளிலும் ஐரோப்பிய இசை ஒலித்தது. முத்துசாமி தீட்சிதரின் குடும்பம் சென்னைக்கு அருகிலுள்ள மணலியில் வாழ்ந்தபோது, அவர் தம்பி பாலுசாமி தீட்சிதர் ஐரோப்பியக் கலைஞர் ஒருவரிடம் வயலின் கற்றுக் கருநாடக இசைக்கு அக்கருவியைப் பயன்படுத்தினார். முத்துசாமி தீட்சிதரும் தாம் கேட்ட ஐரோப்பிய மெட்டுகளுக்கு வடமொழியில் பாடல் புனைந்தார். நோட்டுசுர சாகித்தியம் என அவை வழங்கப்படுகின்றன. இத்தகைய சூழலில்தான் சரபோஜியின் இளமைப் பருவம் கழிந்தது.

நாடில்லா மன்னர்

1798இல் அமர்சிங் நீக்கப்பட்டுச் சரபோஜி அரியணை ஏறினார். தம் வளர்ச்சிக்குக் காரணமான சுவார்ட்சு அதே ஆண்டின் தொடக்கத்திலேயே மறைந்திருந்தார். அவருடைய நினைவாகச் சரபோஜி, இலண்டன் சிற்பி பிளாக்சுமேனைக் கொண்டு பளிங்குச் சிற்பம் ஒன்றை அமைக்கச் செய்தார். நோயுற்ற ஆசிரியரின் படுக்கையருகே மன்னர் நிற்கும் காட்சியை அச்சிற்பத்தில் இன்றும் தஞ்சையில் காணலாம்.

மன்னராகி ஓராண்டு கடந்தது. 1799 அக்டோபர் 25ஆம் நாள் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி தஞ்சை நாட்டின் ஆட்சி முழுவதும் கம்பெனியிடம் சென்றது. கோட்டையும் அதன் சுற்றுப்புறமும் மட்டுமே மன்னருக்கு எஞ்சின. ஆண்டுக்கு ஓர் இலட்சம் வராகனும், நாட்டின் நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் அவருக்கு வழங்கப்பட்டன. படை நடத்தவும் வரி விதிக்கவும் அவருக்கு உரிமை இல்லை.

அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு. தமக்கு வந்த பொருளை வெற்று ஆடம்பரத்தில் கரைத்துவிட்டு வாழ்நாளைக் கழித்திருக்கலாம். அவரோ அப்பொருளை அறிவுக்கும் கலைக்கும் மடைமாற்றினார். சரசுவதி மகாலுக்கு ஓலைச்சுவடிகளையும் அச்சு நூல்களையும் தேடிச் சேர்த்தார். காசி யாத்திரையின்போதும் சுவடிகளைத் திரட்டினார். பள்ளிகளும் அச்சுக்கூடமும் நிறுவினார். தன்வந்திரி மகாலில் மருத்துவ ஆய்வுகளை நடத்தச் செய்தார். உலகப் புவியியலைக் குறத்தியின் வாயிலாகக் கூறும் தேவேந்திரக் குறவஞ்சி என்னும் மராத்தி நாடகத்தையும் இயற்றினார். இத்தனை பணிகளுக்கிடையே அவர் கருத்தூன்றிய மற்றொரு துறை இசை.

அரண்மனை இசைக்குழு

சரபோஜியின் அவையில் இந்திய இசைவாணரும் நட்டுவனாரும் நிறைந்திருந்தனர். தஞ்சை நால்வர் எனப் போற்றப்படும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோர் அவ்வவையில் பணியாற்றியவர்கள். இன்றைய பரதநாட்டிய அரங்கில் ஆடப்படும் உருப்படிகளின் வரிசை அவர்களால் ஒழுங்குபெற்றது. சரபோஜியைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டு கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர் பாடிய சரபேந்திர பூபாலக் குறவஞ்சி பெரிய கோயிலில் நடிக்கப்பட்டது.

இவற்றோடு ஐரோப்பிய முறையிலான இசைக்குழு ஒன்றையும் மன்னர் அமைத்தார். மேலைநாட்டுக் கருவிகளையும் அச்சிட்ட இசைத்தாள்களையும் சென்னை வழியாக வரவழைத்தார். உள்ளூர்க் கலைஞர்களுக்கு அவற்றில் பயிற்சி அளிக்கச் செய்தார். குழல், கிளாரினெட், வயலின் முதலிய கருவிகள் தஞ்சைக் கலைஞர்களின் கைகளில் பழகின. தஞ்சாவூர் பேண்டு என இக்குழு பெயர்பெற்றது. மன்னரின் அமைச்சர்களுள் ஒருவரான வராகப்பையரும் வயலினில் தேர்ச்சி பெற்றவர் என்று இசை வரலாற்றாசிரியர் கூறுவர்.

இம்முயற்சியின் அருமையை உணர இருவகை இசைக்கும் உள்ள வேறுபாட்டை அறிதல் வேண்டும். நம் இசையில் ஓர் இராகத்தின் வடிவம் ஒற்றை இழையாக வளர்கிறது; பக்கக் கருவிகள் அவ்விழையைப் பின்தொடர்கின்றன. சுரங்களை அசைத்தும் குழைத்தும் இசைக்கும் கமகமே அதன் உயிர். அதனை ஆசிரியரிடம் செவிவழியாகவே கற்கிறோம். மேலை இசைக்குழுவில் ஒரே நேரத்தில் வெவ்வேறு கருவிகள் வெவ்வேறு சுரங்களை இசைக்கின்றன. அவை ஒன்றோடொன்று பொருந்தி ஒத்திசை பிறக்கிறது. பல்லாவரத்திலோ தாம்பரத்திலோ ஒரு தேவாலயப் பாடகர் குழு நான்கு குரற்பகுதிகளாகப் பிரிந்து பாடுவதைக் கேட்டவர்கள் இதனை எளிதில் உணர்வர்.

அத்தகைய குழுவில் ஒவ்வொரு கலைஞருக்கும் தனித்தனி இசைத்தாள் உண்டு. தம் பகுதியை மட்டும் அறிந்தால் போதாது. எங்கே ஒலிக்க வேண்டும், எத்தனை எண்ணிக்கை அமைதி காக்க வேண்டும், எப்போது பிறருக்கு வழிவிட வேண்டும் என்பனவும் தெரிந்திருக்க வேண்டும். அனைத்துக் கருவிகளும் ஒரே சுருதியில் சேர வேண்டும். ஒருவர் பிசகினாலும் கேட்போர் செவி அதனை உடனே அறிந்துவிடும். ஆகவே நாள்தோறும் ஒன்றுகூடிப் பயிலுதல் இன்றியமையாதது.

இருவகை இசைக்கும் இடையே பாலம் அமைக்க மேலை இசைக்குறியீடு சரபோஜிக்கு உதவியது. நம் இராகங்களில் அமைந்த உருப்படிகள், அணிவகுப்பு நடைக்கேற்ற மெட்டுகள் ஆகியன ஐந்து கோடுகளின்மீது எழுதப்படும் அக்குறியீட்டில் எழுதப்பட்டன. கமகத்தின் நுட்பம் முழுவதும் தாளில் அடங்காது. ஆயினும் சங்கராபரணம் போன்ற இராகங்களின் சுர அமைப்பு மேலை இசையின் பேரளவுகோலோடு பெரிதும் ஒத்திருப்பதால், அத்தகைய இராகங்களில் இருமரபும் இயல்பாகக் கைகோத்தன.

தனிக்கலைஞரும் குழுவும்

அதே காலத்தில் தஞ்சைக்கு மிக அருகிலுள்ள திருவையாற்றில் தியாகராசர் வாழ்ந்தார். அரசவையின் அழைப்பையும் பரிசிலையும் அவர் ஏற்கவில்லை என்பது மரபுவழிச் செய்தி. வீதியில் பாடிச் சென்று பெற்ற அரிசியே தமக்குப் போதும் என்று வாழ்ந்த அவரது துறவுள்ளம் போற்றத்தக்கது. ஒரு தம்பூராவோடு தனித்துப் பாடும் கலைஞர் அவ்வாறு வாழ முடியும். ஒன்றுசேர்ந்து இசைக்கும் இருபது பேருக்கு அது இயலாது. அவர்களுக்குக் கருவிகள் வேண்டும். பயில இடம் வேண்டும். இசைத்தாள் எழுதுவோர் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, திங்கள்தோறும் தவறாத ஊதியம் வேண்டும். இருபதின்மரில் ஐவர் பிழைப்புத் தேடி வேற்றூர் சென்றால் எஞ்சிய பதினைவரால் அதே இசையை எழுப்ப இயலாது. இதனால் குழு இசை எக்காலத்தும் ஓர் ஆதரவாளரை நம்பியே இருந்தது.

தெரிந்து தெளிவோம்

சரபோஜிக்கு முந்திய தலைமுறையில், ஐரோப்பாவில் ஜோசப் ஹைடன் என்னும் இசையறிஞர் எஸ்டர்ஹாசி என்னும் உயர்குடியினரின் அரண்மனையில் இசைக்குழுவை நடத்தினார். 1761 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அப்பணி தொடர்ந்தது. ஒருமுறை கோடைக்கால மாளிகையில் தங்கல் நீண்டுகொண்டே போனதால், கலைஞர்கள் தம் குடும்பத்தைக் காணாது ஏங்கினர். அதனை உணர்த்த ஹைடன் 1772இல் ஓர் இசைப்படைப்பை உருவாக்கினார். அதன் இறுதியில் கலைஞர்கள் ஒவ்வொருவராக வாசிப்பை முடித்துக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டு எழுந்து சென்றனர். குறிப்பறிந்த இளவரசர் அவர்களை ஊருக்கு அனுப்பினார். 1790இல் அவ்விளவரசர் மறைந்ததும், அவர் மகன் இசைக்குழுவைக் கலைத்துவிட்டார்.

குழு கலைந்தது, இசை பரவியது

சரபோஜி 1832 மார்ச் 7ஆம் நாள் மறைந்தார். அவர் மகன் இரண்டாம் சிவாஜி கலைஞர்களைத் தொடர்ந்து ஆதரித்தார். 1855இல் அவர் ஆண்வாரிசு இன்றி மறைந்ததும், எஞ்சியிருந்த அரசுரிமையையும் கம்பெனி பறித்துக்கொண்டது. அரண்மனையை நம்பியிருந்த கலைஞர்களின் ஊதியம் கேள்விக்குறியாயிற்று. பலர் மைசூருக்கும் திருவிதாங்கூருக்கும் சென்னைக்கும் குடிபெயர்ந்தனர். தலைமுறைகளாகத் தஞ்சையில் வாழ்ந்த குடும்பங்கள் தம் கருவிகளோடு வேற்றூர்களில் புது வாழ்வு தேட நேர்ந்தது. எழுதிய இசை இருந்தது; பயின்ற கைகள் இருந்தன. அவற்றை ஓரிடத்தில் பேணிய வாழ்வாதாரம்தான் மறைந்தது.

ஆயினும் விதைத்தவை அழியவில்லை. நால்வருள் ஒருவரான வடிவேலு, திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளின் அவையில் வயலின் இசைத்துச் சிறந்தார். அம்மன்னர் 1834இல் அவருக்குத் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்தார். வயலின் இன்று கருநாடக இசையரங்கின் பிரிக்கவியலாத உறுப்பாகிவிட்டது. கிளாரினெட் சதிர்க் கச்சேரிக்குள் நுழைந்தது. சரபோஜி திரட்டிய மேலை இசைத்தாள்கள் இன்றும் சரசுவதி மகாலில் பாதுகாக்கப்படுகின்றன.

அரண்மனைகள் மறைந்த பின்னர்ச் சபைகளும் வானொலியும் திரைத்துறையும் கலைஞரின் புரவலர்களாயின. இருபதாம் நூற்றாண்டில் கோடம்பாக்கத்தின் ஒலிப்பதிவுக் கூடங்களில் வயலின் கலைஞர்கள் வரிசையாக அமர்ந்து, தத்தம் முன்னுள்ள இசைத்தாளை நோக்கி வாசித்தனர். மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் அக்குறியீட்டைக் கற்ற இளையராஜா, தாம் இயற்றிய சிம்பொனியை 2025 மார்ச்சு 8ஆம் நாள் இலண்டனில் அரங்கேற்றினார். நம் செவிக்குப் பழகிய இராகமும் மேலைக் குழுவிசையும் ஒரே தாளில் அமரமுடியும் என்று தஞ்சையில் தொடங்கிய தேடலின் நீட்சியாக இவற்றைக் கருதலாம்.

நாட்டை இழந்த ஒரு மன்னர், தம்மிடம் எஞ்சிய பொருளைக் கொண்டு நூல்களைச் சேர்த்தார், கலைஞர்களைச் சேர்த்தார். நூல்கள் ஓரிடத்திலேயே நிலைத்தன. கலைஞர்களோ சோறு கிடைத்த இடம் நோக்கிச் சென்றனர். ஒரு சமூகம் தன் கலைகளைக் காக்க விரும்பினால், அக்கலைகளைச் சுமப்போரின் அடுப்பும் அணையாமல் எரிகிறதா என்று பார்த்தல் வேண்டும். சரபோஜியின் வாழ்வு நமக்கு விட்டுச்சென்ற பாடம் இதுவே.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர்த் திருவிழாவில் இசைக்கும் நாகசுரக் குழுவையோ பேண்டு வாத்தியக் குழுவையோ சந்தித்து, அவர்களின் பயிற்சி, வருவாய், ஆண்டில் வேலை கிடைக்கும் நாள்கள் ஆகியவற்றைத் தொகுத்து எழுதுக.

2. தனித்துப் பாடும் கலைஞரின் வாழ்வுக்கும் குழுவாக இசைக்கும் கலைஞர்களின் வாழ்வுக்கும் உள்ள வேறுபாடுகளை வகுப்பில் கலந்துரையாடுக.

3. அரசர்கள் இல்லாத இக்காலத்தில் கலைஞர்களைப் பேணும் பொறுப்பு யாருக்கு உரியது? உம் கருத்தைக் காரணங்களுடன் ஒரு பக்க அளவில் எழுதுக.