பற்சிதைவின் காரணங் கண்ட மில்லர்

பல்லைப் புழு அரிக்கிறதென்பது பல நாடுகளில் நெடுங்காலம் நிலவிய நம்பிக்கை. பற்சிதைவின் உண்மைக் காரணத்தைச் சோதனையால் விளக்கியவர் வில்லோபி டேற்றன் மில்லர்.

1853 இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திற் பிறந்த அவர், 1875 இல் மிச்சிகன் சர்வகலாசாலையிற் பட்டம் பெற்றார். பின்னர் பல்வைத்தியங் கற்று, ஜெர்மனியின் பேர்லின் நகரிற் குடியேறி, 1884 இல் அந்நகரச் சர்வகலாசாலையிற் பேராசிரியரானார். பல்வைத்தியம் பல் பிடுங்குங் கைத்தொழிலென்றே பலருங் கருதிய காலம் அது. மில்லரோ, கிருமியியல் மேதை றொபேட் கொக்கின் ஆய்வுகூடத்தை நாடி மீண்டும் மாணவரானார். பேராசிரியராயிருந்துகொண்டே மருத்துவமும் பயின்று, 1887 இல் அதிலும் பட்டம் பெற்றார்.

பிடுங்கிய பற்களைப் பாணும் உமிழ்நீருங் கலந்த கலவையிலிட்டு உடற்சூட்டில் வைத்தார்; பற்கள் மென்மையாயின. இறைச்சி சேர்ந்த கலவையில் அவ்வாறு நிகழவில்லை. கொதிக்கவைத்துக் கிருமிகளைக் கொன்றபோது அமிலமே தோன்றவில்லை. வாயிலே தங்கும் மாவையும் சீனியையும் கிருமிகள் அமிலமாக்குகின்றன. அவ்வமிலமே பல்லின் சுண்ணத்தைக் கரைக்கிறது என்பது அவர் கண்ட முடிவு. 1889 இல் அதனை நூலாக்கினார். பல்லில் ஒட்டும் கிருமிப் படலத்தின் பங்கை அவர் குறைத்தே மதித்தார். அக்குறையைப் பிறர் நிரப்பினர்.

மிச்சிகன் சர்வகலாசாலை தன் பழைய மாணவரைப் பல்வைத்தியப் பீடத்தின் தலைவராக அழைத்தது. தாயகந் திரும்பிய மில்லர், அங்கே கற்பிக்கத் தொடங்குமுன்னரே 1907 யூலையிற் காலமானார். அவர் நடத்தாத வகுப்புகளிலும் அவர் கண்ட உண்மையே இன்றுவரை பாடமாயிருக்கிறது.