எம்மா கோல்ட்மன் அம்மையார்

1919-ம் வருஷம் டிஸம்பர் 21-ந் தேதி விடியற்காலையில், நியூயார்க் துறைமுகத்திலிருந்து ‘ப்யூபோர்ட்’ என்னும் பழைய கப்பலொன்று சிப்பாய்களின் காவலுடன் புறப்பட்டது. தேசப்பிரஷ்டம் செய்யப்பட்ட 249 பேர் அதிலிருந்தனர். போகுமிடம் அவர்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை. அவர்களுள் பெயர் பெற்றவர் எம்மா கோல்ட்மன் அம்மையார்.

1869-ல் ருஷ்ய சாம்ராஜ்யத்துக் கோவ்னோ நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்த இவர், 1885-ல் அமெரிக்கா சேர்ந்து தையல் வேலை செய்து ஜீவித்தார். 1887-ல் சிக்காகோவில் தொழிலாளர் கிளர்ச்சிக்காரர் நால்வர் தூக்கிலிடப்பட்டது இவரை அராஜகவாதியாக்கிற்று. 1892-ல் எஃகு ஆலை நிர்வாகி பிரிக்கைச் சுட்ட பெர்க்மனுக்கு இவர் உடந்தையாயிருந்ததை நாம் மெச்சவில்லை. ஆனால் 1917-ல் சர்க்கார் இவரைப் பிடித்தது அதற்காகவன்று; கட்டாய ராணுவ சேவையை எதிர்த்ததற்காகவே. இரண்டு வருஷ சிறைவாசம் கிடைத்தது. 1919 ஜூனில் அட்டர்னி ஜெனரல் பாமரின் வீட்டு வாயிலில் குண்டு வெடித்தபோதும் இவர் சிறையிலேதான் இருந்தார். யுத்தத்திற்குப் பின் வேலைநிறுத்தங்களும் விலையேற்றமும் கண்டு கலங்கிய ஜனங்களுக்கோ, அந்நிய பாஷை பேசுவோரெல்லாம் வெடிகுண்டுக்காரராகத் தோன்றினர்.

மணத்தின் வழியாக இவர் அமெரிக்கப் பிரஜை. முன்னாள் கணவரின் பிரஜா உரிமையையே 1909-ல் ரத்து செய்திருந்தனர். புருஷனின் உரிமையைப் பறித்து ஸ்திரீயை அந்நியராக்கிய சாமர்த்தியத்தை என்னவென்பது!

ருஷ்யாவிலும் இவர் மௌனமாயிருக்கவில்லை. க்ரான்ஸ்டாட் மாலுமிகள் நசுக்கப்பட்ட 1921-ம் வருஷத்தின் முடிவிலேயே வெளியேறி, போல்ஷ்விக் ஆட்சியைக் கண்டித்து நூல் எழுதினார். 1934-ல் மட்டும் 90 நாட்களுக்கு அமெரிக்கா இவரை அனுமதித்தது. 1940 மே 14-ந் தேதி டொரான்டோவில் காலமான பிறகு, அவருடைய சடலம் எல்லை தாண்ட உத்தரவு கிடைத்தது. சிக்காகோவில் தூக்கிலிடப்பட்ட அந்நால்வரின் கல்லறைக்கருகே அவரை அடக்கம் செய்தனர்.