எப்.ஏ. தேறாத கணித மேதை

கணித மேதை ராமானுஜன் கல்லூரிப் பரீட்சையில் தேறாதவர். ஆனால் அவர் வாழ்க்கையைத் திருப்பிய 2 கடிதங்களில், தம்மைப் பற்றிப் பெயில் என்ற சொல்லை அவர் எழுதவில்லை.

ராமானுஜன் 1887 டிசம்பர் 22-ந்தேதி ஈரோட்டில் பிறந்தார். கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தை ஜவுளிக்கடையில் கணக்கு எழுதியவர்.

பள்ளிக்கூட நாளில், கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த கணித நூல் ஒன்று அவருக்குக் கிடைத்தது. அதில் ஆயிரக்கணக்கான சூத்திரங்கள் இருந்தன. விளக்கம் மிகக் குறைவு. அவற்றைத் தாமே போட்டுப் பார்த்தார். சிலேட்டில் எழுதி, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் குறித்துக்கொண்டார்.

உதவித்தொகை போயிற்று

1904-ல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். கணிதம் தவிர மற்றப் பாடங்களில் மனம் செல்லவில்லை. உதவித்தொகை போயிற்று. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். 1907-ல் எழுதிய எப்.ஏ. பரீட்சையிலும் தேறவில்லை.

குமாஸ்தா வேலை

1909-ல் கல்யாணம் ஆயிற்று. வேலை தேவைப்பட்டது. 1912 பிப்ரவரியில் சென்னை துறைமுக டிரஸ்டுக்கு மனுப் போட்டார். எப்.ஏ. வரை படித்ததாகவும், சந்தர்ப்பக் கோளாறால் மேலே படிக்க முடியவில்லை என்றும், நேரம் முழுவதையும் கணிதத்தில் செலவிடுவதாகவும் எழுதினார். 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது.

1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். கல்லூரிப் படிப்பு இல்லை என்பதை மறைக்கவில்லை. வழக்கமான பாதையை விட்டுத் தமக்கென்று புதுப் பாதை வகுத்து வருவதாகத் தெரிவித்தார்.

பெயில் என்றால் படிப்பு முடிந்துவிட்டது என்று பொருள். தாமே படித்து வருகிறார் என்றால் படிப்பு இன்னும் நடக்கிறது என்று பொருள். ராமானுஜன் இரண்டாவதைச் சொன்னார். ஹார்டியும் மார்க்கைக் கேட்கவில்லை, சூத்திரங்களை ஆராய்ந்தார்.

தனியே படித்ததில் நஷ்டமும் உண்டு. ஐரோப்பாவில் முன்பே தெரிந்திருந்த சிலவற்றை, அவர் தெரியாமல் மறுபடி கண்டுபிடித்திருந்தார். நிரூபணம் எழுதும் முறையைப் பிறகு இங்கிலாந்தில்தான் பழகினார்.

அதே சர்வகலாசாலை

எப்.ஏ.யில் தேறவில்லை என்று சொன்ன சென்னை சர்வகலாசாலையே, 1913-ல் விதியைத் தளர்த்தி, மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. 1914-ல் கப்பல் ஏறினார். 1916-ல் கேம்பிரிட்ஜ் பி.ஏ. பட்டமும், 1918-ல் எப்.ஆர்.எஸ். கவுரவமும் கிடைத்தன.

1920 ஏப்ரல் 26-ந்தேதி, 32-வது வயதில், சென்னையில் காலமானார். நோய்ப்படுக்கையிலும் அவர் கணக்குப் போடுவதை விடவில்லை.